கிழக்கு ஜன்னலும் அத்தானின் காளவாசலும்

21.7.86, திங்கள்

பாவூர்சத்திரம் தாண்டும்போதே சாரல். ஜீப் படுதா ஒரு பக்கம் கிழிசல், அதுவும் என் பக்கம். முழங்கை வரை ஈரம். ஆனாலும் கோபம் வரவில்லை. டிரைவர் மாரியப்பன் கண்ணாடியில் பார்த்துவிட்டு, "ஊர் எல்லை வந்தா மேடம் முகமே மாறிப்போகுது" என்றான். திருநெல்வேலி ஆபீஸில் என் முகம் எப்படி இருக்கும் என்று கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவான்.

கொண்டுவந்தது: பெட்டி (காத்தை உறிஞ்சி வெள்ளைத் தாள் வழியாக விடும் மிஷின், தூக்க இரண்டு ஆள் வேண்டும்), தாள் ஒரு கட்டு, நீள வயர், குடை, சீயக்காய்ப் பொடி, மாற்றுச் சேலை. சோப்பு மறந்தாச்சு.

வந்த வேலை அத்தானின் காளவாசல். சுண்ணாம்புக் கல் சுடுகிற காளவாசல், மாமா கட்டியது. மாமா காலத்தில் விறகும் கரியும்தான். இப்போது அத்தான் அதில் ஒரு மருந்துக் கம்பெனியின் கழிவைச் சேர்த்து எரிக்கிறார். மலைக்கு அந்தப் பக்கமிருந்து செங்கோட்டை வழியாக லாரியில் டிரம் டிரம்மாக வருகிறது. தார் மாதிரிக் கசடு. அதை எரிக்க ஐந்து வருஷத்துக்கு அனுமதி கேட்டு எழுதிக் கொடுத்திருக்கிறார். புதுச் சட்டப்படி புகையைச் சோதித்த பிறகுதான் கொடுக்கலாம். சோதிக்க வேண்டியவள் நான். இன்னார் என் தாய்மாமன் மகன் என்று கூட வரும் மெட்ராஸ் ஸாரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டேன். "நல்லதாப் போச்சும்மா, சாப்பாட்டுக்கு அலைய வேண்டாம்" என்றார். அவர் எனக்கு மேலதிகாரி. என்னத்தைச் சொல்ல.

அத்தான் வாசலிலேயே நின்றார். "ஏட்டி விசாலம், என்னையே சோதனை போட வந்துட்டியா?"

"உங்களை இல்ல அத்தான். உங்க புகையை."

"ரெண்டும் ஒண்ணுதான்" என்று சிரித்தார். வயிறு வைத்துவிட்டது. இவருக்கு என்னைக் கட்டிக்கொடுப்பதாக ஒரு காலத்தில் பேச்சு. ஜாதகம் பொருந்தவில்லை. இவர் விடும் குறட்டையைக் கேட்கும் ஒவ்வொரு தடவையும் அந்த ஜோசியருக்கு மனசுக்குள் ஒரு கும்பிடு போடுவேன். கோமதி அக்கா பாவம், அவளுக்குப் பொருந்திவிட்டது.

மத்தியானம் சொதி, இஞ்சித் துவையல், உருளைக்கிழங்கு. மெட்ராஸ் ஸார் மூன்று தடவை சோறு வாங்கினார்.

22.7.86, செவ்வாய்

அத்தான் வீட்டு மொட்டை மாடியில் பெட்டியை வைத்தோம். வீடு மேற்கே, நடுவில் ஒரு வயல், கிழக்கே காளவாசல். மாடியிலிருந்து எல்லாம் தெரிகிறது. பெட்டி ஓட ஆரம்பித்ததும் மாவு மில் சத்தம். கோமதி அக்கா மேலே வந்து பார்த்தாள். "இது என்னட்டி, காத்தைத் திரிக்குதா?" அப்படித்தான் அக்கா என்றேன்.

அங்கே ஆட்கள் ஒளிவு மறைவே இல்லாமல் டிரம்மைத் திறந்து, கசடை உமியோடு பிசைந்து, கூடை கூடையாக உள்ளே கொட்டினார்கள். புகை கறுப்பும் மஞ்சளுமாக எழும்பிப் படுத்துக்கொண்டு கிழக்கே போயிற்று. குளம் பக்கம். மாடியில் ஒரு வாடையும் இல்லை. மேற்கே மலை, மேகம், முகத்தில் பூந்தூறல். இந்தக் காத்துக்காகத்தானே வருஷம் முழுக்க அந்த ஆபீஸில் குப்பை கொட்டுகிறேன்.

சின்ன வயசில் இதே மாடியில் வடகம் காவல். நான், அத்தான், தெருப் பிள்ளைகள். ஆடியில் வடகம் எங்கே காயும் என்று எவருக்கும் தோன்றவில்லை. காவல் என்று சொல்லி மாடிக்கு வந்தால் போதும்.

சாயந்திரம் தாளை எடுத்தேன். பளிச். கறை இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க வேண்டியிருந்தது. ஐந்தருவிக்குக் கொண்டுபோய் ஸாரிடம் காட்டினேன். அவர் துண்டைக் கட்டிக்கொண்டு குந்தியிருந்தார், ஒருவர் அவர் முதுகில் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார். கண்ணைத் திறக்காமலே, "கறை உண்டா?"

"இல்லை ஸார்."

"இந்த ஊர்க் காத்துல தாள் இன்னும் வெளுக்கும்மா."

எண்ணெய் தேய்க்கிறவர் ரொம்பப் பெருமையாகத் தலையாட்டினார். எனக்கும் பெருமைதான், ஏன் பொய் சொல்லணும். அங்கேயே மங்குஸ்தான் வாங்கித் தின்றேன். விரலெல்லாம் கறை. அருவியில் நின்றபோது தலையில் விழுந்த தண்ணீரில் ஆபீஸ், பஸ், ரேஷன் கடை, எல்லாம் கரைந்து போயிற்று.

23.7.86, புதன்

விடிந்ததும் தலை காயவில்லை. நான் படுத்த அறையில் கிழக்கே ஒரு ஜன்னல். திறந்தால் காய்ந்துவிடும் என்று போனால், கதவுச் சந்து முழுக்கப் பழைய சேலைத் துணி திணித்து, மேலே சணல் கயிறு கட்டியிருக்கிறது. பிடித்து இழுத்தேன்.

"அதைத் தொடாதட்டி" என்று அக்கா அடுப்படியிலிருந்து ஓடி வந்தாள். "அது மாசிக்கு அடைச்சது. எடுத்தா மறுபடி அடைக்கதுக்குள்ள என் விரல் போயிரும்."

மாசிக்கு.

எங்கள் அம்மாவுக்கும் இதே கணக்குதான். ஆடியில் மேற்கு ஜன்னலைச் சாத்துவாள், சாரல் உள்ளே அடிக்கும் என்று. தையும் மாசியும் வந்தால் கிழக்கு ஜன்னலைச் சாத்துவாள். "உங்க மாமா மூட்டிட்டாரு, புகை வருது" என்பாள். திட்டு மாதிரி இருக்கும், திட்டு இல்லை. அண்ணன் தொழில் நடக்கிறது என்கிற சந்தோஷம். அந்தப் புகை எனக்குப் பிடிக்கும். மர மில் விறகும் சுட்ட கல்லும் கலந்த வாசனை. நான் அம்மா பார்க்காத நேரம் ஜன்னலை ஒரு விரல்கடை திறந்துவைத்துக்கொண்டு வீட்டுப்பாடம் எழுதுவேன்.

"அப்போ சும்மா சாத்துனா போதும், இப்போ துணி எதுக்கு அக்கா?"

"இப்போ சாத்துனா நிக்கல." பிறகு தயங்கித் தயங்கிச் சொன்னாள். பனிக்காலம் வந்தால் இருமலாம். படுத்தால் மூச்சு ஏறுவதில்லை, சுவரில் சாய்ந்து உட்கார்ந்தே தூங்குகிறாள். அத்தான் தென்காசியில் பெரிய டாக்டரிடம் காட்டினார். பனி ஒத்துக்கொள்ளவில்லை என்றாராம். அத்தான் கம்பளித் தொப்பி, ஹார்லிக்ஸ், எல்லாம் வாங்கி வந்திருக்கிறார். பங்குனி கழிந்தால் தானாகச் சரியாகிவிடுகிறதாம்.

"ஒரு தடவை கூட நீ சொல்லலையே அக்கா."

"எப்பச் சொல்ல? சீசனுக்கு எல்லாரும் வருதிய. மெட்ராஸ்ல இருக்கவன், பம்பாய்ல இருக்கவன், நீ, எல்லாரும். எங்க ஊர்க் காத்து மாதிரி உண்டாங்கிய. மாசியில ஒரு ஆள் எட்டிப் பாக்கியளா?"

சொல்லிவிட்டு இட்லி எடுக்கப் போய்விட்டாள். கல்யாணமாகிப் போன பிறகு மாசியில் நான் இந்த ஊரை மிதித்ததே கிடையாது.

மாரியப்பனிடம் கேட்டேன், இதற்கு முன்னால் இந்தக் காளவாசலுக்கு வந்திருக்கிறாயா என்று. "வருஷா வருஷம் வாரேனே மேடம். ஸார் இந்தப் பக்கம் டூர் போட்டா சீசனுக்குத்தான் போடுவாரு." கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னான், அவனுக்கு அது ஒரு விஷயமே இல்லை.

காளவாசலுக்குக் கிழக்கே குளத்தங்கரை வரை நடந்து போனேன். புகை அங்கேதான் இறங்குகிறது. கண்ணில் எரிச்சல், நாக்கில் கசப்பு, தொண்டையில் ஏதோ ஒட்டிக்கொண்டு விட மாட்டேன் என்கிறது. மாமாவின் புகை இது இல்லை. முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு திரும்பி வந்தேன். மாசியில் காத்து மாறினால் இது அத்தனையும் அக்கா ஜன்னலுக்குத்தான் வரும்.

24.7.86, வியாழன்

ஸார் டிபன் முடிக்கட்டும் என்று காத்திருந்து சொன்னேன். பெட்டி இருப்பது காத்து வருகிற பக்கம். புகை போகிற பக்கம் குளத்தங்கரை, அங்கே நிற்க முடியவில்லை.

"அங்க யாரும்மா குடியிருக்கா? கொக்கா?"

"மாசியில காத்து திரும்பும் ஸார். வீடுங்க பக்கம் வரும். மாசியில வந்து பார்த்தாத்தான் தெரியும்."

அவர் என்னை நிஜமான வருத்தத்தோடு பார்த்தார். "மாசியில இங்க வந்து என்னம்மா செய்றது? அருவியில தண்ணியே இருக்காதே."

கெட்ட மனுஷர் இல்லை. அவருக்கு இந்த ஊர் என்றால் ஆடி. ஆடியைத் தவிர இங்கே வேறு மாசம் உண்டு என்பதே அவருக்குத் தெரியாது. நேற்று வரை எனக்கும் மறந்துதான் போயிருந்தது. கடைசியில், "நீயே போய்ட்டு வா, என்னை இழுக்காத" என்றார். அனுமதி மாசி வரைக்கும் மட்டும். மறு சோதனைக்குப் பிறகு மீதி.

அத்தானுக்கு முகம் தொங்கிவிட்டது. ஜீப்பில் பெட்டியை ஏற்றும்போது பக்கத்தில் வந்தார். "தாள் வெள்ளையாத்தான இருந்துச்சு? பிறகு என்னட்டி?"

"ஆடியில வெள்ளை அத்தான்."

"நெருப்புல போட்டா எல்லாம் சாம்பல். சாம்பல்ல என்ன விஷம் இருக்கு? விறகு விக்கிற விலைக்கு அப்பா மாதிரி எரிச்சா ரெண்டு வருஷத்துல இழுத்து மூடணும். மூடிட்டு நான் எங்கன போக?"

"அக்காவுக்கு இருமல்…"

"அது பனி. டாக்டர் சொல்லியாச்சு." சொன்னவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

அக்கா மங்குஸ்தானும் நேந்திரங்காய் சிப்ஸும் பையில் போட்டுக் கொடுத்தாள். பை கனம். வழியெல்லாம் மடியிலேயே வைத்திருந்தேன்.

12.11.86, புதன்

ஆபீஸ். காலையிலிருந்து அடைமழை, பைலெல்லாம் நமத்துக் கிடக்கிறது. காளவாசல் மறு சோதனை பிப்ரவரியில் என்று தேதி போட்டாச்சு. முன்கூட்டி நோட்டீஸ் அனுப்பியே ஆகணுமாம், விதி. சொல்லாமல் கொள்ளாமல் போனால் என்ன என்று கேட்டேன். ஹெட் கிளார்க், "மாப்பிள்ளை வீட்டுக்கே சொல்லிட்டுத்தான போறோம்" என்றார். சிரிப்பு வந்தாலும் சிரிக்கவில்லை.

மாலை எங்க வீட்டுக்காரர் பேங்கிலிருந்து வரும்போது சுக்கு வாங்கி வரச் சொல்லணும்.

16.2.87, திங்கள்

வெயில். வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. மாரியப்பன் குற்றாலம் வழியாகப் போகலாமா என்றான், அவன் மாசியில் பார்த்ததில்லையாம். போனோம். பேரருவியில் பாறைதான் இருக்கிறது. ஓரமாக ஒரு கயிறு தடிமனுக்குத் தண்ணீர், அதற்குக் கீழே ஒரே ஒருவர், சோப்புப் போட்டுக்கொண்டு அவசரமே இல்லாமல் குளித்துக்கொண்டிருந்தார். ஐந்தருவிக் கடைகள் எல்லாம் ஓலைத் தட்டி சாத்திக் கிடக்கின்றன. குரங்குகள் நம்மை ஏன் வந்தாய் என்பது மாதிரிப் பார்க்கின்றன. "ஏமாத்திட்டாங்களே மேடம்" என்றான் மாரியப்பன்.

எனக்கு ஏமாற்றம் இல்லை. நான் பிறந்து வளர்ந்தது இந்த ஊரிலும்தான். புழுதி, பனங்கிழங்குக் கட்டு விற்கிற பொம்பளைகள், தென்காசிக் கோயிலின் மொட்டைக் கோபுரத்துக்குக் கட்டியிருக்கிற சாரம், பரீட்சைக்குப் படித்துக்கொண்டே நடக்கிற பிள்ளைகள். சீசன் ஊரைப் பார்த்துப் பார்த்து இந்த ஊரை மறந்துபோனேன்.

அத்தான் வீட்டுக்குத் திரும்புகிற முக்கில் காத்து முகத்தில் அடித்தது. கிழக்குக் காத்து. புகை.

மாமாவின் புகை. மில் விறகு, சூடான கல், கொஞ்சம் பனி. அதே வாசனை. ஜீப்பை நிறுத்தச் சொன்னேன். ஏன் என்று மாரியப்பன் கேட்டான், தலைவலி என்றேன். அழுகை முட்டிக்கொண்டு வந்துவிட்டது. மாமா காளவாசல் ஓரத்துச் சாம்பலில் பனங்கிழங்கு சுடுவார். தோலை உரித்து, நடு நரம்பை இழுத்துப் போட்டுவிட்டு, குருத்துப் பக்கத்தை எனக்குத் தருவார். அத்தானுக்கு நார்ப் பக்கம். "மவன் பல்லு கெட்டி" என்பார். அத்தான் ஒரு நாளும் அதற்குச் சண்டை போட்டதில்லை, என் பங்கையும் சேர்த்து உரித்துக் கொடுப்பார். அம்மா, மாமா, எங்கள் பழைய வீடு, ஒன்றும் இப்போது இல்லை. வாசனை மட்டும் எப்படியோ இருக்கிறது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து பெட்டியை மாடியில் ஏற்றினேன். அத்தான் தானே ஒரு கை பிடித்தார். என்ன கரிசனம்.

17.2.87, செவ்வாய்

பனி. கிழக்குக் காத்து விடாமல். நேற்றிலிருந்து ராவெல்லாம் பெட்டி ஓடியது. தாளை எடுத்தேன். லேசான சாம்பல் நிறம். அவ்வளவுதான். மஞ்சள் இல்லை, எண்ணெய்ப் பிசுக்கு இல்லை. மூக்கருகே வைத்து மோந்தேன். விறகு.

அப்போதுதான் மண்டையில் ஏறிற்று. நேற்று வாசனை பிடித்துக் கண்ணீர் விட்ட மகராசிக்கு, மாமா புகை இப்போது எப்படி வரும் என்று கேட்கத் தோன்றவில்லை.

காளவாசலுக்குப் போனேன். மில் விறகு புதுசாக அட்டி போட்டு அடுக்கியிருக்கிறது. டிரம்கள் பின்பக்கம் வரிசையாக, மேலே தார்ப்பாய், அதற்கும் மேலே தென்னங்கிடுகு. ஆடியில் திறந்து கிடந்தவை. வேலையாள் ஒருவரிடம், எப்போதிருந்து விறகு என்றேன். "மொதலாளிட்ட கேளுங்கம்மா" என்று குனிந்துகொண்டார். அத்தானிடம் கேட்டேன். "இப்போ சரக்கு வரத்து இல்லட்டி. உள்ளதை எரிக்கேன்." நோட்டீஸ் எந்தத் தேதிக்கு என்று என்னைவிட நன்றாக ஞாபகம் வைத்திருக்கிறார்.

கோபம்தான். ஆனால் முழுசாகக் கோபப்படவும் முடியவில்லை. எனக்காகவாவது விறகு எரித்தாரே, அந்த வாசனையைக் காட்டினாரே என்று மனசு ஒரு பக்கம் பல்லைக் காட்டுகிறது. வெட்கம் கெட்ட மனசு.

மத்தியானச் சாப்பாடு. அக்கா பரிமாறிக்கொண்டிருந்தாள். அத்தான் குழம்பு ஊற்றிப் பிசைந்து, வாய்க்குக் கொண்டுபோகிற நேரம், அக்கா ரொம்பச் சாதாரணமாக என்னிடம் சொன்னாள்.

"விசாலம், நீ இங்கனயே ஒரு மாசம் இருந்துட்டுப் போயேன்."

"ஆபீஸ் விடுமா அக்கா?"

"கேட்டுப் பாரு. போன வாரம் நோட்டீசு வந்ததுலருந்து விறகுதான். நாலு நாளா நான் கட்டில்ல படுத்துத் தூங்குதேன். நீ இருக்க மட்டும் விறகு எரியும்லா."

நான் இலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அத்தான் கை அப்படியே நின்றது. அக்கா ரசம் வேண்டுமா என்று அவரைக் கேட்டாள். திட்டவில்லை, குத்திக் காட்டவில்லை, ரசம் வேண்டுமா என்றுதான் கேட்டாள். அவர் பாதிச் சோற்றில் எழுந்து கை கழுவிவிட்டு வெளியே போனார்.

"சாப்பிட விட்டுட்டுச் சொல்லியிருக்கலாம் அக்கா."

"சாப்பிட்டா படுத்துருவாவ. பிறகு கேக்காது."

18.2.87, புதன்

அறிக்கை எழுதிவிட்டேன். இரண்டே வரிதான் முக்கியம். விறகு எரித்துச் சோதிக்கப்பட்டது, ஆகையால் விறகுக்கு மட்டும் அனுமதி. வேறு எதை எரிப்பதானாலும் அதை எரித்துக் காட்டி மறுபடி சோதனை. எதை எரித்துக் காட்டுகிறார்களோ அதற்குத்தானே அனுமதி கொடுக்க முடியும். ஸார் கையெழுத்துப் போடுவார், நான் எழுதி நீட்டுவதில் அவர் இதுவரை ஒரு கமாவைக்கூட மாற்றியதில்லை.

அத்தானைக் கூப்பிட்டு வாசித்துக் காட்டினேன். அவருக்கு முதலில் விளங்கவில்லை. "தாள் நல்லா இருக்குல்லா? அப்போ அனுமதி உண்டுல்லா?"

"உண்டு. விறகுக்கு."

"நான் கேட்டது டிரம்முக்குட்டி."

"நீங்க காட்டுனது விறகு அத்தான்."

அதன் பிறகு பிடித்துக்கொண்டார். என் வீட்டுச் சோத்தைத் தின்னுட்டு எனக்கே குழி தோண்டுதியா. அப்பா உன்னைத் தூக்கி வளர்த்தாரே, அவரு கட்டுன காளவாசலை மூடத்தான் படிச்சியா. இங்க இருந்து போனவங்களுக்கு ஊரு சுத்தமா இருக்கணும், இருக்கவன் எதைத் தின்பான்னு கவலை இல்ல. கடைசியாகச் சொன்னது சுருக்கென்று தைத்தது. அது முழுசாகத் தப்பு என்று என்னால் சொல்ல முடியவில்லை. அவர் சொன்னால் சொல்லிவிட்டுப் போகட்டும் என்று நின்றேன்.

மூச்சு வாங்கி நிறுத்தினார். "சரி, நாளைக்கே டிரம்மை எரிச்சுக் காட்டுதேன். வச்சுப் பாரு உன் பெட்டியை."

"காட்டுங்க. நாளைக்கும் பெட்டி இங்கதான் இருக்கும். ஒண்ணு மட்டும் அத்தான். கிழக்கு ஜன்னல்ல அக்கா திணிச்சிருக்க துணியை எடுத்துருவோம். காத்து வீட்டுக்குள்ள எப்படி வருதுன்னும் நான் எழுதணும்."

இது விதியில் இல்லை. நானாகச் சொன்னது. வாயில் வந்துவிட்டது.

அக்கா அடுப்படி நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள்.

19.2.87, வியாழன்

கண் விழித்தபோது அறையில் வெளிச்சம். கிழக்கு ஜன்னல் திறந்திருக்கிறது. சேலைத் துணியெல்லாம் தரையில் சுருட்டி வைத்திருக்கிறாள். பச்சை, அரக்கு, ஒரு கல்யாணப் பட்டின் கிழிசல் கூட. ஜன்னலுக்கு நேராகப் பலகை போட்டு உட்கார்ந்து அக்கா அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். கம்பளித் தொப்பி போடவில்லை.

"அக்கா, எந்திரி. நான் சும்மா ஒரு வேகத்துல சொன்னேன்."

"நீ சும்மா சொன்னே. நான் சும்மா உக்காந்திருக்கேன்." சுளகை விட்டு எழுந்திருக்கவில்லை.

மாடியில் தாள் மாற்றினேன். தாள் சரியாகப் பொருந்தவில்லை, இரண்டு தடவை மாட்டினேன். அவர் வீம்புக்கு எரித்துவிட்டால்? நான் சொன்னதால்தான் அவள் அங்கே உட்கார்ந்திருக்கிறாள். இறங்கி ஓடிப் போய் ஜன்னலைச் சாத்திவிடலாமா என்றுகூட நினைத்தேன். சாத்தினால் அவளே திறப்பாள்.

அத்தான் காளவாசல் பக்கம் நின்றார். வேலையாட்கள் தார்ப்பாய்க்குப் பக்கத்தில், கையைக் கட்டிக்கொண்டு, அவர் சொல்லட்டும் என்று. அவர் வீட்டைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார். அங்கிருந்து ஜன்னல் தெரியும். உள்ளே அவள் கைகள் சுளகோடு மேலும் கீழும் போவதும் தெரியும்.

மாரியப்பன் கீழே ஜீப்பில் ரேடியோ வைத்திருந்தான், நிறுத்தச் சொன்னேன்.

செங்கோட்டைப் பக்கமிருந்து லாரி வந்தது. வரத்து இல்லை என்று சொன்ன அதே சரக்கு. டிரம் முழுக்க அடுக்கி, மேலே கயிறு. வாசலில் திரும்ப இடம் பற்றாமல் முன்னும் பின்னும் ஆடியது. அத்தான் போய் முன்னால் நின்று கையைக் காட்டினார். "பின்னால வா. ஒடிச்சு. இன்னும் வா." லாரி பின்பக்கமாக வந்து தார்ப்பாய்க்கு ஒட்டி நின்றது. மாடிச் சுவரைப் பிடித்துக்கொண்டேன்.

லாரி டிரைவர் இறங்கிக் கயிற்றை அவிழ்க்கப் போனான். "இறக்கிரட்டுமா அண்ணாச்சி?"

அத்தான் குனிந்து தென்னங்கிடுகைத் தூக்கி எறிந்தார். பழைய டிரம்கள் மேல் கிடந்த தார்ப்பாயை ஒரு முனையில் பிடித்து இழுத்தார். சருகும் தூசியும் அவர் மேலேயே கொட்டியது, துடைக்கவில்லை.

"இறக்காத" என்றார். "இதையும் ஏத்துலே."